துன்ப நாளில் நிலைத்து நிற்கும் இல்லம்

(யூபிலி ஆண்டுப் பங்குப் பொதுக்கூட்டத்தில் கட்டடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

நம் பங்கின் யூபிலி நினைவாக ஒரு பொது மருத்துவ நிலையம் எழுப்புவது என்று பேரவை முடிவு செய்ததை அனைவரும் அறிவீர்கள். இன்றுள்ள ஈரறை மருந்தகத்திற்குப் பதிலாக, வெளிநோயாளர் பகுதி, அவசர முதலுதவி அறை, ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம் ஆகிய மூன்றும் அதில் அமையும். சாதி மத வேறுபாடின்றி சுற்று வட்டாரத்தார் அனைவருக்கும் அது பயன்படும். அதன் வரைபடத்தை மூன்று ஞாயிறுகளாக ஆலய வாசலில் ஒட்டி வைத்திருந்தோம். பார்த்தவர்கள் எங்களிடம் முக்கியமாக மூன்று கேள்விகள் கேட்டார்கள்.

“குளக்கரையில் நிலம் சும்மா கிடக்க, பிள்ளைகள் பந்தாடும் திடலை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?” என்பது முதற் கேள்வி. “முகப்பில் ஓர் அலங்கார வளைவும் மாதா கெபியும் ஏன் இல்லை?” என்பது இரண்டாவது. “இந்தச் சிற்றூருக்கு இத்தனை அகலமான நடையும், இத்தனை பெரிய சன்னல்களும் எதற்கு?” என்பது மூன்றாவது. மூன்றும் நியாயமான கேள்விகளே. உங்கள் உழைப்பின் காசு இதில் விழுகிறது. ஆகவே கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

அன்பர்களே, திருமண மண்டபம் நல்ல நாளுக்கென்று கட்டப்படுவது. அவசர மருத்துவ நிலையமோ கெட்ட நாளுக்கென்று கட்டப்படுவது. புயலடிக்கும் இரவில், வெள்ளம் சூழும் பகலில், விபத்தில் அடிபட்டவனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவரும் வேளையில் அது நிற்க வேண்டும். அதன் விளக்கு எரிய வேண்டும். அதன் கதவு திறக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் அழகாக நின்று அந்த ஒரு நாளில் கைவிட்டால், அதனால் பயனென்ன?

கட்டடத்திற்கும் நோயாளிக்கும் உள்ள உறவை நற்செய்தியே நமக்குக் காட்டுகிறது. எருசலேமில் பெத்சதா என்ற குளம் இருந்தது. அதைச் சுற்றி ஐந்து மண்டபங்கள். ஆனால் 38 ஆண்டுகளாகப் படுத்துக் கிடந்த ஒருவனால் அந்த நீரை எட்ட முடியவில்லை, இறக்கிவிட ஆளில்லை. மண்டபங்களுக்குக் குறைவில்லை; இயலாதவன் இறங்குவதற்கு வழிதான் இல்லை. கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனைக் கட்டிலோடு சுமந்து வந்த நால்வரின் கதையும் உங்களுக்குத் தெரியும். வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்ததால், கூரையைப் பிரித்து அவனை உள்ளே இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசத்தைப் போற்றுகிறோம். ஆனால் நம் மருத்துவ நிலையத்திற்கு வருகிறவர்கள் கூரையைப் பிரிக்கும்படி நாம் வைக்கலாமா? பாறைமீது வீடு கட்டியவன், மணல்மீது வீடு கட்டியவன் உவமையைப் பற்றிக் கடற்கரையில் வாழும் நமக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை.

இனி, உலகில் நடந்த சில நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம்.

நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராகத் திருச்சபை வணங்கும் புனித கமில்லஸ், உரோமை நகரில் தூய ஆவியார் மருத்துவமனையில் பணிசெய்தவர். அம்மருத்துவமனை தைபர் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1598-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி ஆறு பெருக்கெடுத்தது. உரோமை நகரில் பதிவான தைபர் வெள்ளங்களில் அதுவே மிக உயரமானது. கீழ்த்தளக் கூடத்திற்குள் தண்ணீர் புகுந்தபோது, தம் காலில் தீராப் புண் கொண்டிருந்த அந்தப் புனிதரும் அவருடைய தோழர்களும் நோயாளிகளைத் தோளில் சுமந்து மேல்தளத்தில் சேர்த்தார்கள். இன்றும் இந்நிகழ்ச்சியை ஓவியமாகக் காணலாம்.

நாங்கள் இதில் இரண்டு பாடங்களைக் காண்கிறோம். ஒன்று, புனிதரின் அன்பு. மற்றொன்று, அந்தக் கட்டடம் நின்ற இடம். நோயாளிகள் ஆற்று மட்டத்தில் படுத்திருந்தபடியால்தான் அவர்களைத் தோளில் சுமக்க நேர்ந்தது. ஒவ்வொரு வெள்ளத்திற்கும் ஒரு கமில்லஸ் வந்து நிற்பார் என்று நம்பி நாம் வரைபடம் போடலாகாது.

அடுத்து அமெரிக்காவின் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டத்தில் ஆலிவ் வியூ என்ற பெரிய அரசு மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. பெரும் பொருட்செலவில், அக்காலப் பொறியியல் முறைப்படி கட்டி முடித்துத் திறந்தார்கள். திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் அதிகாலை 6 மணிக்குப் பூமி அதிர்ந்தது. மேல்தளங்கள் கனத்த சுவர்களால் இறுகி நிற்க, கீழ்த்தளமோ பெரும்பாலும் தூண்களை மட்டுமே நம்பி நின்றது. ஆட்டத்தின் வேகமெல்லாம் அந்தத் தூண்களில் இறங்கியது, தூண்கள் நொறுங்கின. கட்டடத்தின் ஓரங்களில் நின்ற நான்கு மாடிப்படிக் கோபுரங்களில் மூன்று வெளிப்புறமாகச் சாய்ந்து விழுந்தன. மின்சாரம் நின்றது, மாற்று மின்சாரமும் கைகொடுக்கவில்லை. உயிர்காக்கும் கருவிகளைச் சார்ந்திருந்த நோயாளிகள் இருவர் இறந்தனர். இடிபாட்டில் சிக்கி ஊழியர் ஒருவரும் மாண்டார்.

எங்கள் நெஞ்சைத் தைத்த செய்தி இனிமேல்தான் இருக்கிறது. அங்கே ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கென ஒரு காங்கிரீட் பந்தல் இருந்தது. அந்தப் பந்தல் அப்படியே வண்டிகளின்மேல் இறங்கி அவற்றை நசுக்கிவிட்டது. ஊரார் அடிபட்டுக் கிடக்கும் வேளையில், அவர்களை எடுத்துவர வேண்டிய வண்டிகளே இடிபாட்டுக்குள் கிடந்தன. அதே காலையில், அருகிலிருந்த முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையின் பழைய கட்டடங்கள் இடிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவி செய்ய வேண்டிய இடங்களே உதவி கேட்கும் இடங்களாயின.

அதன் விளைவாக அம்மாநிலத்தில் 1973-இல் மருத்துவமனைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. மற்றக் கட்டடங்களில் உள்ளிருப்போர் உயிர் தப்பினால் போதும். மருத்துவமனையோ அதிர்வுக்குப் பின்னும் வேலை செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. தீயணைப்பு நிலையம், காவல் நிலையம் போன்ற அவசரப் பணிக் கட்டடங்களுக்கும் 1986-இல் ஒரு சட்டம் பிறந்தது. நம் நாட்டு நில அதிர்வு விதிகளும் இதையே வேறு முறையில் சொல்கின்றன. மருத்துவமனையும் தீயணைப்பு நிலையமும் சாதாரணக் கட்டடத்திற்குக் கணக்கிடும் விசையைப்போல் ஒன்றரை மடங்கு விசையைத் தாங்கும்படி கணக்கிடப்பட வேண்டும்.

ஆலிவ் வியூவின் கதை அத்தோடு முடியவில்லை. இடிந்த கட்டடத்தை அகற்றிவிட்டு, எஃகுச் சுவர்கள் கொண்ட உறுதியான புதுக் கட்டடம் கட்டினார்கள். 1994-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் மீண்டும் பெரிய அதிர்ச்சி. இம்முறை கட்டடம் அசையாமல் நின்றது. ஆனால் உள்ளே ஓடிய தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, தளங்களில் நீர் பெருகி, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. சுவர் நின்றால் மட்டும் போதாது. குழாய், கம்பி, விளக்கு, சிலிண்டர் ஆகியவையும் நிற்க வேண்டும். இது இரண்டாம் முறை கற்ற பாடம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2001-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று குசராத்தின் கச்சுப் பகுதி அதிர்ந்தபோது, புஜ் நகரின் அரசு மருத்துவமனை இடிந்து விழுந்தது. மருத்துவர்கள் திறந்த வெளியில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. அங்கே பின்னர் எழுந்த புதிய மருத்துவமனையில், அடித்தளத்திற்கும் மேற்கட்டடத்திற்கும் நடுவே இரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கி, நடுவில் ஈயம் வைத்த தாங்கிகளைப் பொருத்தினார்கள். நிலம் ஆடும்போது அந்தத் தாங்கிகள் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். மேலே கட்டிலில் இருப்பவருக்கு அதிர்ச்சி குறையும்.

“பூகம்பம் நமக்கு எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நாகைக் கடற்கரையில் வாழும் நம்மைத் தேடி வருபவை நீரும் காற்றும். 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள் கடல் ஏறி வந்ததை மறந்தவர் நம்மில் யார்? 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் நம் பகுதி இருளில் கிடந்ததே! 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு பெருகியபோது, ஆற்றை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் மின்னாக்கி இருந்த இடத்திற்குள் வெள்ளம் புகுந்தது. தீவிர சிகிச்சையிலிருந்த பலர் அந்நாள்களில் இறந்தனர். அங்கே நல்ல கருவிகள் இருந்தன; தேர்ந்த மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனால் ஜெனரேட்டர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை அந்த வெள்ளம் நாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனது.

இப்பொழுது உங்கள் முதற் கேள்விக்கு வருகிறோம். குளக்கரை நிலம் பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே இடுப்பளவு நீர் நிற்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அங்கே கட்டினால் பேஸ்மட்டத்தை 5 அடி உயர்த்த வேண்டும். உயர்த்தினால் போயிற்று என்று சொல்லலாம். ஆனால் சக்கர நாற்காலியும் ஸ்ட்ரெச்சரும் ஏறுவதற்குச் சாய்தளம் வேண்டுமே! ஓரடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு முட்டும். இறங்கும்போது வண்டி கையை மீறி ஓடும். 5 அடிக்கு 60 அடிச் சாய்தளம் வேண்டும். இடையில் நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். அத்தனையும் செய்தாலும், சாலையிலிருந்து அங்கே போகும் பாதை வெள்ளத்தில் மூழ்கியே கிடக்கும். நிலையம் தீவாக நிற்கும். நோயாளி கரையில் நிற்பார்.

திடலோ மேடு. சாலையை ஒட்டியது. அங்கே 2 அடி உயர்த்தினால் போதும்; 24 அடிச் சாய்தளத்தில் காரியம் முடிந்துவிடும். 108 வண்டி சாலையிலிருந்து நேரே உள்ளே வந்து, பின்னோக்கி எடுக்காமலே மறுவாசல் வழியாக வெளியேறலாம். இளைஞர்களே, உங்கள் திடலைக் கேட்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். மாலை நேரத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே இடம் அது. குளக்கரை நிலத்தை மேடாக்கிப் பந்தாட்டத் திடலாக்கித் தரும் செலவையும் இத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறோம். மழைக்காலத்தில் இரண்டு மாதம் நீங்கள் ஆட முடியாது. அந்த இரண்டு மாதத்தில்தான் மருத்துவ நிலையம் திறந்திருக்க வேண்டும். இந்தத் தியாகத்தைக் கட்டளையாகச் சொல்லாமல் வேண்டுகோளாகவே உங்கள்முன் வைக்கிறோம்.

மூன்றாம் கேள்வியை அடுத்து எடுத்துக்கொள்கிறோம். நடைக்கு 8 அடி அகலம் எதற்கு? திருவிழாச் சப்பரம் தெருமுனையில் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று நம்மவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சரும் அப்படித்தான். அது மனிதனின் நீளம். முன்னும் பின்னும் ஆள் பிடிக்க வேண்டும். எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்க வேண்டும். அதே காரணத்தால் முதலுதவி அறையின் கதவுக்கு 4 அடி அகலம் வைத்திருக்கிறோம். கழிப்பறைக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவோரம் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை எவராலும் திறக்க இயலாதல்லவா?

சன்னல்கள் பெரியவையாக இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்கள் ஓர் அடைத்த அறையில் மணிக்கணக்கில் நெருங்கி உட்கார்ந்தால், ஒருவர் நோய் மற்றவரைப் பற்றும். தென்னாப்பிரிக்காவில் துகேலா ஃபெரி என்ற இடத்தில், மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்ததை 2006-இல் மருத்துவ உலகம் அறிந்து திடுக்கிட்டது. அந்நோய் மருத்துவமனைக்குள்ளேயே பரவியதற்கான அடையாளங்கள் தெரிந்தன. நலம் தேடி வந்த இடத்திலேயே நோய் வாங்கும் கொடுமை இது.

அதற்கு மருந்து காற்று. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் அமைத்த அறைகளில் அது 12 முறையாகவே கணக்கிடப்பட்டது. உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய காலத்துக் கட்டடங்களே அதிலும் சிறந்து நின்றன. நம் பழைய ஆலயத்தைக் கட்டியவர்கள் சன்னல்களை ஏன் அத்தனை உயரத்தில் வைத்தார்கள் என்பது இப்போது விளங்குகிறதா?

ருவாண்டா நாட்டின் மலைப்பகுதியில் புதாரோ என்ற இடத்தில் 2011-இல் திறக்கப்பட்ட மருத்துவமனை இந்த அறிவைக் கொண்டே கட்டப்பட்டது. நோயாளிகள் நெருங்கியிருக்கும் உள்நடைகளைத் தவிர்த்து, நடைகளைத் திறந்த வெளிப்பக்கமாக வைத்தார்கள். கட்டில்களைச் சன்னலை நோக்கிப் போட்டார்கள். சுவர்களை அவ்வூரில் கிடைக்கும் எரிமலைக் கல்லால், அவ்வூர் மக்களின் கைகளாலேயே எழுப்பினார்கள். ஏழை நாடு; எளிய ஊர். ஆயினும் யோசித்துக் கட்டியதால் உலகம் அங்கே போய்ப் பார்க்கிறது. நம் திட்டத்திலும் நோயாளிகள் காத்திருக்கும் இடம் மூன்று பக்கமும் திறந்த தாழ்வாரமாக இருக்கும். இருமலோடு வருகிறவர்களுக்குக் காற்று போகும் திசையில் தனி இருக்கைகள் உண்டு.

இரண்டாம் கேள்வியைக் கடைசிக்கு வைத்தோம். ஏனெனில் அதுதான் கடினமானது. முகப்பு வளைவும் கெபியும் வேண்டும் என்று கேட்டவர்களின் பக்தியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கையிருப்பு அளவானது. வளைவுக்கு ஆகும் செலவில்தான் ஜெனரேட்டருக்கும் மின்பலகைக்கும் வெள்ள மட்டத்திற்கு மேலே ஒரு மேடையும், அதன்மேல் காங்கிரீட் கூரையும், டீசல் வைக்க உயரமான அறையும், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் கட்ட முடியும். ஆக்சிஜன் சிலிண்டர்கள் சாயாதபடி சுவரில் சங்கிலி. ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு, கஜாவில் பறந்த தகரம் போலன்றி, தூணோடு இறுக்கிக் கட்டிய உறுதியான கூரை. இவை எவையும் சாலையில் போகிறவர் கண்ணில் படமாட்டா. புகைப்படத்திலும் விழமாட்டா. ஆனால் புயலிரவில் ஒரு தாய் பிரசவ வேதனையோடு வரும்போது, எரியும் ஒரு விளக்கைவிட அழகான மாதா கெபி எது? கெபி எழுப்ப மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு, அடுத்த காணிக்கையில் எழுப்புவோம். சாய்தளத்தையும் ஜெனரேட்டர் மேடையையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டாம் என்பதே எங்கள் மன்றாட்டு. வெள்ளம் நம் நிதிநிலையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். கட்டி முடிப்பதோடு வேலை முடிவதில்லை. எட்டடி நடை காலியாக இருந்தால்தான் அது நடை. நம் வழக்கம் என்ன? காலி இடம் கண்டால் திருவிழாப் பந்தல் கால்களையும், உடைந்த பெஞ்சுகளையும், சீரியல் விளக்குப் பெட்டிகளையும் அங்கே அடுக்கிவிடுவோம்! ஓராண்டில் எட்டடி மூன்றடியாகிவிடும். ஆகவே, மாதம் ஒரு முறை, முதல் சனிக்கிழமையன்று, ஒவ்வோர் அன்பியமும் முறைவைத்து நடையைப் பார்வையிட்டு, ஜெனரேட்டரை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, மறுவாசலின் பூட்டைத் திறந்து மூடிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று முன்மொழிகிறோம். ஓட்டிப் பார்க்காத ஜெனரேட்டர் அவசரத்திற்கு உதவாது. சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் வெளியூர் போன நாளில் அந்தக் கதவும் வெறும் சுவர்தான்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நல்ல சமாரியன் அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு சத்திரத்தில் சேர்த்தான் என்று நம் ஆண்டவர் சொன்னார். அவனுடைய இரக்கத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அந்தச் சத்திரத்தைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள். வழியோரத்தில் அது இருந்தது. அன்று இரவு அது திறந்திருந்தது. உள்ளே கிடத்த இடமிருந்தது, கவனிக்க ஆளிருந்தது. சத்திரம் இல்லையென்றால் சமாரியனின் இரக்கம் பாதி வழியில் நின்றிருக்கும். அந்தச் சத்திரத்தைத்தான் யூபிலியின் பெயரால் நாம் கட்ட எண்ணுகிறோம்.

வரைபடம் இன்னும் இரு ஞாயிறு வாசலில் இருக்கும். இடம், சாய்தளம், மின் மேடை ஆகிய மூன்றும் உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கின்றன. கேள்வி இருப்பவர்கள் பூசை முடிந்ததும் எங்களைப் பாருங்கள். மாற்றுக் கருத்தையும் எழுதிக் கொடுங்கள். எல்லாரும் கூடிப் பேசி, அஸ்திவாரக் கல் வைக்கும் நாளில் ஒரே மனத்தோராய் நிற்போம். எல்லாம் வல்ல இறைவன் நம் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

மரியே வாழ்க!